ரெக்சின் பெஞ்சு

தம்பி இன்னொரு குஷன் தைத்து முடித்துவிட்டான். முதலில் தைத்தது கெட்டி ஸ்பாஞ்சு. அது வேண்டாம் என்றதும் மெத்துமெத்தென்று பஞ்சு வைத்து ஒன்று. அப்புறம் நடுவில் ஓட்டை விட்டு ஒன்று, முன்பக்கம் சரிவாக ஒன்று. இப்போது கையில் இருப்பது வெல்வெட் போட்டது, சுற்றிலும் சுருட்டுத் தையல், நாலு மூலையிலும் குஞ்சம் கட்டாத குறைதான். ஊராருக்கெல்லாம் சொகுசாக உட்கார இடம் தைத்துக் கொடுக்கிறவன், கட்டின பெண்டாட்டியை ஒரு இடத்தில் உட்கார வைக்க முடியாமல் திண்டாடிக்கொண்டிருந்தான்.

"இதுல உக்காந்து பாரேன். வெண்ணெய் மாதிரி இருக்கு."

"அப்பறம் உக்கார்றேன். அடுப்புல பால் இருக்கு."

"பால நான் பாத்துக்கறேன். நீ ரெண்டு நிமிஷம் உக்காரு."

"நின்னா எனக்கு ஒண்ணும் வலிக்கல. விடுங்களேன்."

அவள் உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் குளியலறைக் குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. தம்பி வெல்வெட் குஷனைத் தூக்கி மற்ற நாலின்மேல் போட்டான். போட்டான் என்ன, எறிந்தான்.

தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அக்கா இதையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு, வாங்காத மாதிரி மிதித்துக்கொண்டிருந்தாள். முன்பக்கம் சோபாப் பட்டறை, பின்பக்கம் வீடு; நடுவில் ஒரு திரைதான். அந்த வீட்டில் தும்மினால் பட்டறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அக்கா இரண்டு தெரு தள்ளியிருந்து தினமும் காலையில் வந்துவிடுவாள். தம்பி சட்டம் அடித்து, நாடா இழுத்து, ஸ்பிரிங் கட்டி, ஸ்பாஞ்சு வெட்டுவான். உறை தைப்பது முழுக்க அக்காவின் வேலை. அக்காவின் புருஷன் செய்து முடித்ததை டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்பார்.

அக்காவுக்குப் பட்டறையில் வைத்திருந்த பெயர் உம்மணாமூஞ்சி. யார் என்ன வேடிக்கை சொன்னாலும் உதட்டை இறுக்கிக்கொண்டு குனிந்துவிடுவாள். மிஞ்சிப் போனால் மூக்கில் காற்று விடுவாள், அவ்வளவுதான் சிரிப்பு. அவளுடைய ஸ்டூலுக்கு அவளே ரெக்சின் தைத்துப் போட்டிருந்தாள். வெயில் காலத்தில் சுடுமே, நல்ல துணி போட்டுத் தருகிறேன் என்று தம்பி எத்தனையோ முறை சொல்லிவிட்டான். "உன் வேலயப் பாருடா" என்பதுதான் பதில்.

அவள் புருஷனுக்கு அதைவிட நல்ல பெயர். 'அஞ்சு நிமிஷம்' என்று சொன்னால்தான் அவரைத் தெரியும். எங்கே போனாலும், கல்யாண வீடோ கடைத்தெருவோ, வண்டியை நிறுத்தினதும் "அஞ்சு நிமிஷம் இரு, வந்துடறேன்" என்று கழிப்பறையைத் தேடிக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்து, "பரவால்ல, சுத்தமாத்தான் இருக்கு. நீயும் போறதுன்னா போயிட்டு வந்துரு" என்பார். இந்த மனுஷனுக்கு வயிற்றில் டேங்கே இல்லையா என்று தம்பி கேலி பண்ணாத நாளில்லை. அக்காவும் சேர்ந்துகொண்டு, ஓட்டைக் குடம், ஒழுகுற குழாய் என்று வாய்க்கு வந்ததைச் சொல்வாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

தம்பிக்குக் கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பிறந்த பெண் குழந்தைக்கு நாலு மாதம். முழிமுழியென்று கண்ணும், பார்த்தவர் கன்னத்தைக் கிள்ளாமல் போகமாட்டார்கள் என்கிற மாதிரி கன்னமுமாக இருந்தது. ஆனால் பெற்றவள் அதைத் தூக்குவதில்லை. படுக்க வைத்து, பக்கத்தில் சாய்ந்து பால் கொடுப்பாள். முடிந்ததும் கூடையில் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவாள். அழுதால் கூடையைக் காலால் ஆட்டுவாள். "கைல எடேன்டி" என்றால் காது கேட்காதவள் மாதிரி நிற்பாள். அவள் தனியாக ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருப்பதையும் அக்கா இரண்டு மூன்று தரம் பார்த்திருக்கிறாள்.

போன வாரம் நடந்ததுதான் எல்லாரையும் பயமுறுத்திவிட்டது. பட்டறையில் கூடையில் கிடந்த குழந்தை வீறிட்டு அழுததால் வேறு வழியில்லாமல் தூக்கினாள். தூக்கிய மறுகணம் முகம் வெளிறி, குழந்தையை ஸ்பாஞ்சுக் குவியல்மேல் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். குழந்தை சரிந்து கீழே வெட்டுத் துண்டுகளுக்குள் விழுந்தது. நல்லவேளை, ஒரு கீறலில்லை. ஆனால் தம்பி அதைக் கண்ணால் பார்த்துவிட்டான்.

"தூக்கி எறியறா அக்கா. பெத்த புள்ளய. நான் பாத்தேன்" என்று அக்காவிடம் வந்து சொன்னான்.

அப்புறம் பேசி முடிவு செய்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அக்கா குழந்தையைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது. கொஞ்ச மாதம் அங்கே வளரட்டும், இவள் உடம்பு மனசு தேறட்டும், பிறகு பார்ப்போம். இதைச் சொன்னபோது தம்பி பெண்டாட்டி அழுவாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு, "சரி. அண்ணிகிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

அக்காவுக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்தான். அவளுக்கு ஒரே பையன். கப்பலில் வேலை, வருஷத்துக்கு ஒருமுறை வருவான். அவனுக்குப் பிறகு இன்னொன்று வேண்டும் என்று ஏங்கியவள்தான், ஆனால் ஏங்கியதோடு சரி. ஏன் என்று யாருக்கும் அவள் சொன்னதில்லை. இப்போது பையன் படுத்திருந்த அறையைக் கழுவித் துடைத்தாள். ஜன்னலுக்கு வலை அடித்தாள். அவள் புருஷன் எங்கிருந்தோ ஒரு மரத் தொட்டிலைக் கொண்டுவந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, சிலாம்பு குத்துகிறதா என்று விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"புள்ள வந்தா வீட்டுல ஒரு சிரிப்புச் சத்தம் கேக்கும்" என்றார்.

"ஏன், இப்ப கேக்கலயாக்கும்?"

"நீ சிரிச்சு நான் என்னைக்குக் கேட்டேன்?"

அக்கா துடைத்த ஜன்னலையே மறுபடி துடைத்தாள்.

வியாழக்கிழமை மழை விடாமல் பெய்தது. மழை நாளில் பசை காயாது. ஸ்பாஞ்சு ஒட்டும் வேலையை ஒதுக்கிவிட்டுப் பள்ளிக்கூட பஸ் பெஞ்சுகளுக்கு உறை தைக்கிற வேலையை எடுத்திருந்தார்கள். பின் சுவரோரம் பழைய பெஞ்சுகள் வரிசையாக நின்றன. பிள்ளைகள் பேனாவால் கிறுக்கியதும், பிளேடால் கீறியதுமான பச்சை ரெக்சின். தம்பியும் அக்காவின் புருஷனும் சாமான் எடுக்கப் போயிருந்தார்கள். அக்கா நூல்கண்டு தேடி அலமாரிக்குப் பின்னால் குனிந்திருந்தாள்.

பட்டறையில் யாரும் இல்லை என்று நினைத்துத் தம்பி பெண்டாட்டி கூடையை இழுத்துக்கொண்டு வந்தாள். கிழியாத பெஞ்சாகப் பார்த்து, மடித்த துணி ஒன்றைப் போட்டு, அதன்மேல் மெல்ல உட்கார்ந்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாள். பிறகு குனிந்து, குழந்தையின் உச்சந்தலையில் மூக்கை வைத்து அப்படியே கிடந்தாள். "என் செல்லமே, என் செல்லமே, அம்மாவ மன்னிச்சுக்கடி" என்று அவள் முணுமுணுத்தது அக்காவுக்குக் கேட்டது. எழுந்ததும் துணியைச் சுருட்டி இடுக்கிக்கொண்டு, ஈரத்துணியால் பெஞ்சைத் துடைத்தாள். துடைத்த கையை முகர்ந்து பார்த்தாள். இன்னொருமுறை துடைத்தாள்.

அலமாரிக்குப் பின்னால் அக்கா குனிந்தது குனிந்தபடியே நின்றாள். அந்தத் துடைப்பு அவளுடைய துடைப்பு. அந்த முகர்ந்து பார்ப்பும் அவளுடையதுதான். இருபத்து நாலு வருஷமாக யாரும் இல்லாத நேரம் பார்த்து அவள் செய்துவருவதை இன்னொருத்தி செய்ய முதல்முறையாகப் பார்த்தாள்.

குஷன் வேண்டாம் என்றது வலியால் இல்லை. கறை படுமே என்றுதான். குழந்தையைப் போட்டுவிட்டு ஓடினது வெறுப்பால் இல்லை. தூக்கின பாரத்தில் உடம்பு கைவிட்டுவிட்டது. இத்தனையும் ஒரு நொடியில் விளங்கியது. விளங்கிய கையோடு இன்னொன்றும் விளங்கியது. வாயை மூடிக்கொண்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை குழந்தை கைக்கு வரும். வாயைத் திறந்தால் குழந்தையும் போகும், இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானமும் போகும்.

அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. நூல்கண்டை எடுத்துக்கொண்டு வந்து தைத்தாள். சாயங்காலம் வீட்டுக்குப் போனாள். தொட்டில் தயாராக நின்றது, வார்னிஷ் வாசனையோடு. அதன் விளிம்பைத் தொட்டாள். ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். காலியாக ஆடி ஆடி நின்றது. அவளுக்கு அந்த உச்சந்தலையும், அதில் புதைந்த மூக்கும்தான் கண்ணுக்குள் நின்றன. தொட்டிலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

மறுநாள் காலை, ஆண்கள் இருவரும் ஒரு நீளச் சோபாவை டெம்போவில் கட்டிக்கொண்டு கிளம்பினதும், அக்கா மிஷினை நிறுத்தினாள். நேராகப் போய்ப் பச்சைப் பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

"இங்க வா. உக்காரு."

"இல்லண்ணி, துணி ஊற வச்சிருக்கேன்..."

"ஊறட்டும். தொடைக்கிற துணி நானே வச்சிருக்கேன். உக்காரு."

தம்பி பெண்டாட்டிக்கு முகத்தில் ரத்தம் செத்துப்போயிற்று. "என்ன துணி?"

"எனக்கும் வேணும்டி அது. நான் எதுக்கு ரெக்சின் ஸ்டூல்ல உக்காந்திருக்கேன்னு நெனச்ச? எதுக்கு இந்தக் கறுப்பும் கருநீலமுமாவே கட்டிக்கிட்டுத் திரியறேன்? எனக்கு இருமினா வரும், தும்மினா வரும். கனமாத் தூக்கினா வரும். சிரிச்சா கட்டாயம் வரும். அதான் உம்மணாமூஞ்சி. பையன் பொறந்த நாள்ல இருந்து."

சொல்லிவிட்டாள். இருபத்து நாலு வருஷம் சுமந்தது, சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அக்காவுக்கே ஆச்சரியமாக இருந்தது.

தம்பி பெண்டாட்டி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மழைத் தண்ணீர் கூரைத் தகரத்திலிருந்து வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எனக்கு அது இல்லண்ணி" என்றாள். வாளியைப் பார்த்துக்கொண்டே, "அதவிட மோசம்" என்றாள்.

"சொல்லு."

"பின்னால... நிக்க மாட்டேங்குது. காத்த அடக்க முடியல. அவசரம்னா அவசரம், ஓடறதுக்குள்ள ஆயிடுது. சில நாள் ஆனதே தெரியறதில்ல. இவளத் தூக்கினா பயமா இருக்கு. அன்னைக்கு அப்படித்தான்... நான் எறியல அண்ணி. சத்தியமா எறியல."

"எனக்குத் தெரியும்."

"அவருக்குத் தெரியாதே."

அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். குழாயடியிலேயே கிடந்து விரல்நுனியெல்லாம் ஊறிச் சுருங்கிப் போயிருந்தன.

"பிரசவத்துல என்ன பண்ணினாங்க?"

"பெரிய கரண்டி மாதிரி ஒண்ண வச்சு இழுத்தாங்க. நான் முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். வெளிய வந்ததும் இவ அழல. எல்லாரும் இவ பக்கம் ஓடிட்டாங்க. அது சரிதான், நான் குத்தம் சொல்லல. ஆனா என் பக்கத்துல ஒருத்தரும் இல்ல அண்ணி. வெளக்கு மட்டும் எரியுது. நான் செத்துட்டேன், அதான் யாரும் பாக்கலன்னு நெனச்சேன். அப்பறம் இவ அழுதா. ஒருத்தர் வந்து தச்சாங்க. 'கொஞ்சம் கிழிஞ்சிருக்கு, ஆறிடும்'னாங்க. மரத்துப்போக ஊசி போட்டிருந்தாங்க, வலி தெரியல. நூல் இழுக்கற சத்தம்தான் கேட்டுச்சு."

அவள் பட்டறையைச் சுற்றிப் பார்த்தாள். கொக்கியில் தொங்கும் நூல்கண்டுகள், சுவரில் குத்தி வைத்த நீள ஊசிகள்.

"இங்க அவர் பட்டன் வச்சு நூல இழுக்கறப்பல்லாம் நான் திரும்ப அந்த மேஜைல படுத்திருக்கேன். கண்ண மூடினாலும் அதே வெளக்கு. அதான் குழாயத் தொறந்து விட்டுக்கறேன். தண்ணி சத்தத்துல இது கேக்காது."

அக்கா தன் மிஷினைத் திரும்பிப் பார்த்தாள். இந்த நாலு மாதமும் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து விடாமல் நூல் இழுத்தவள் அவளும்தான்.

"ஏன்டி ஒருத்தர்கிட்டயும் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? 'புள்ள நல்லாருக்கு, நீ குடுத்து வச்சவ'ன்னு வர்றவங்க எல்லாம் சொல்றாங்க. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? நீங்க சொன்னீங்களா?"

அக்காவுக்கு மூக்கில் காற்று வந்தது. "நல்லாக் கேட்ட போ."

"இவ உங்ககிட்ட இருந்தா சுத்தமா வளருவா அண்ணி. நான் நாத்தம் புடிச்சவ. எனக்கே என்னப் பிடிக்கல. நான் இல்லாம இருந்தாக்கூட நல்லாருக்கும்னு ஒவ்வொரு நாள்..."

"ஏய்." அக்கா அவள் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "அந்தப் பேச்சு வேணாம். அப்படித் தோணுச்சுன்னா உடனே என்னக் கூப்பிடு. எந்த நேரமா இருந்தாலும் வருவேன். நான் இவளக் கூட்டிட்டுப் போகப் போறதில்ல. ஆசை எனக்கு எக்கச்சக்கம், பொய் சொல்லல. தொட்டில்கூட வந்தாச்சு. அதுல பழய துணியப் போட்டு வச்சுக்கறேன். நாளைக்கு நீயும் நானும் டாக்டரம்மாகிட்ட போறோம். தச்சவங்ககிட்ட இல்ல, வேற ஆளு. என் பழய மிஷின வாங்கின அம்மா ஒருத்தங்களப் பத்திப் பேச்சுவாக்குல சொன்னாங்க, பொம்பளைங்களுக்கு இதெல்லாம் பாக்கறதுக்குன்னே இருக்காங்களாம். நான்தான் இத்தன வருஷம் போகாம இருந்தேன்."

தம்பி பெண்டாட்டி அப்போதுதான் அழுதாள். ஜன்னல் பக்கம் திரும்பாமல், அக்காவின் தோளிலேயே அழுதாள். "அண்ணி, நீங்க நல்லாருக்கணும் அண்ணி" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"அவன்கிட்ட யாரு சொல்றது? நீயா, நானா?"

"நீங்களே சொல்லுங்க. நான் பாத்ரூம்ல இருக்கேன்."

"நீ எங்க இருப்பன்னு தனியாச் சொல்லணுமாக்கும்."

அழுத கண்ணோடு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே பயந்து நிறுத்தினாள். பிறகு, உட்கார்ந்திருப்பது ரெக்சின் என்பது ஞாபகம் வந்து மறுபடி சிரித்தாள்.

மத்தியானம் தம்பியிடம் அக்கா சொன்னாள். சுற்றி வளைக்காமல், உள்ளது உள்ளபடி. தன் கதையைச் சொல்லாமல் அவள் கதையை மட்டும் சொன்னாள். ஒரே நாளில் இரண்டையும் அவனால் தாங்க முடியாது. அவன் சுத்தியலைக் கையில் பிடித்தபடியே கேட்டான். கேட்டு முடித்ததும் குஷன் அடுக்கைப் பார்த்தான்.

"நான் வலின்னு நெனச்சேன் அக்கா. உக்கார வலிக்குதுன்னு நெனச்சேன்."

"உனக்கு எல்லாமே உக்கார்ற பிரச்சினதான்டா."

"வெல்வெட்டப் போட்டு உக்காரு உக்காருன்னு அவ உயிர எடுத்திருக்கேன். அன்னைக்கு... எறிஞ்சான்னு ஊருக்கெல்லாம் சொன்னேனே." அவன் அங்கேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து, முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்புறம் எழுந்தான். யாரோ பழுதுக்குக் கொடுத்துவிட்டு வராமலே போன, கை வைத்த குட்டை நாற்காலி ஒன்று மூலையில் கிடந்தது. அதை இழுத்துப் போட்டு, பழைய ஆணியெல்லாம் பிடுங்கினான். புது நாடா கட்டினான். கீழே கெட்டி ஸ்பாஞ்சு, மேலே மெத்தென்று ஒன்று. கடைசி ஆர்டரில் மிச்சமிருந்த நல்ல ரெக்சினை விரித்தான், சாம்பல் நிறம். அக்கா வழக்கம்போல ஊசியில் நூல் கோத்து நீட்டினாள்.

"நூல் வேணாம்" என்றான் தம்பி. "இதுல ஒரு தையல்கூட வேணாம்."

நூல் இழுக்கிற சத்தம் பற்றி அக்கா சொன்னதை அவன் மறக்கவில்லை. ரெக்சினை வெந்நீர் ஒத்தடம் கொடுத்து இளக்கி, மூலைக்கு மூலை மடித்து, பசை வைத்து ஒட்டினான். மழை ஈரத்தில் பசை பிடிக்க மறுத்தது. அக்கா இஸ்திரிப் பெட்டியைத் தூரப் பிடித்து வெம்மை காட்ட, அவன் ஒவ்வொரு மடிப்பையும் கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தான். பட்டன் இல்லை, சுருட்டுத் தையல் இல்லை, கொக்கியில்லை. அவன் தொழிலில் அப்படியொரு நாற்காலி அதுவரை செய்ததில்லை. பார்க்க மொட்டையாகத்தான் இருந்தது.

சாயங்காலம் அதைத் தூக்கிக்கொண்டு திரைக்கு அந்தப் பக்கம் போனான். அக்காவும் பின்னாலேயே போனாள்.

"இது தொடைச்சா போயிரும்" என்றான் பெண்டாட்டியிடம். நாற்காலியைக் கீழே வைத்தான். "எத்தன தடவ வேணா தொடைச்சுக்கலாம். நானே தொடைக்கறேன்."

அவள் நாற்காலியைச் சுற்றிவந்து பார்த்தாள். விளிம்பைத் தடவினாள். தையல் இல்லாததைக் கண்டுபிடித்ததும் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு உட்கார்ந்தாள். முழுசாக, முதுகு சாய்த்து உட்கார்ந்தாள். தம்பி கூடையிலிருந்து குழந்தையை எடுத்து அவள் மடியில் வைத்தான். தூக்கும் பாரம் அவனுடையது, வைத்துக்கொள்வது மட்டும் அவளுடையது. குழந்தை அம்மாவின் முகத்தைக் கீழிருந்து பார்த்து, யாரோ புதிதாக வந்தவரைப் பார்ப்பதுபோல முழித்தது, பிறகு வாயெல்லாம் ஈறாகச் சிரித்தது. அக்கா திரையை விட்டுவிட்டு மிஷின் பக்கம் வந்துவிட்டாள். அவளுக்கு வயிறு நிறைந்திருந்தது, தொட்டில் காலியாக இருந்ததும் வலித்தது. இரண்டும் பொய்யில்லை.

மறுநாள் டெம்போவில் போனார்கள். டாக்டரம்மா வயதில் சின்னவர், பேச்சில் நிதானம். தம்பி பெண்டாட்டி சொல்லச் சொல்ல இடையில் பேசாமல் கேட்டார். பிரசவத்தில் கிழியும்போது சிலருக்கு ஆசனவாயைச் சுருக்கிப் பிடிக்கிற தசையும் சேர்ந்து கிழிந்துவிடும், வெளித்தையல் ஆறினாலும் அது ஆறாமல் நிற்கலாம் என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். ஸ்கேன் எடுக்க வேண்டும், பயிற்சி இருக்கிறது, தேவைப்பட்டால் மறுபடி தைத்துச் சரி செய்யலாம், முழுக்கச் சரியாகும் என்று இன்றைக்கே சத்தியம் செய்ய முடியாது, ஆனால் இதைவிட எவ்வளவோ நன்றாக இருக்கும் என்றார்.

"அந்த வெளிச்சம், நூல் சத்தம் திரும்பத் திரும்ப வருதுன்னு சொன்னீங்க இல்ல, அதுவும் காயம்தாம்மா. அதுக்கும் மருத்துவம் இருக்கு. இங்கயே ஒரு அம்மா இருக்காங்க, இன்னைக்கே அவங்ககிட்ட பேசுங்க. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. அன்னைக்கே உங்களுக்கு விளக்கிச் சொல்லியிருக்கணும். சொல்லாம விட்டது எங்க ஆளுங்க தப்பு."

தம்பி பெண்டாட்டி கைகூப்பினாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார். பிறகு அக்காவைப் பார்த்து, "நீங்க கூட வந்தவங்களா?" என்று கேட்டார்.

ஆமாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தாள் அக்கா. தம்பி பெண்டாட்டி அவள் முழங்கையை இடித்தாள்.

"கூடவும்தான் வந்தேன்" என்றாள் அக்கா. "எனக்கும் பாக்கணும். இவளுக்குப் பின்னால, எனக்கு முன்னால. பையனுக்கு இருவத்து நாலு வயசு. இப்ப வந்து என்ன பிரயோசனம்னு நீங்க திட்டினாலும் கேட்டுக்கறேன்."

டாக்டரம்மா திட்டவில்லை. நாற்காலியை இன்னும் கிட்டே இழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் பட்டறையில் புது வேலை ஒன்று சேர்ந்துகொண்டது, டாக்டரம்மா சொல்லிக்கொடுத்த பயிற்சி. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அக்கா மிஷினில் உட்கார்ந்தபடி, தம்பி பெண்டாட்டி மொட்டை நாற்காலியில் உட்கார்ந்தபடி, உள்ளுக்குள் இறுக்கிப் பிடித்து, மனசுக்குள் எண்ணி, விடுவார்கள். ஒருத்தி முகத்தை இன்னொருத்தி பார்த்துவிட்டால் போதும், எண்ணிக்கை தவறி இருவரும் குலுங்குவார்கள். "என்ன ரகசியம், எனக்கும் சொல்லுங்களேன்" என்று தம்பி கேட்பான். "நீ பிடிக்க ஒண்ணும் இல்லடா, ஸ்பாஞ்ச வெட்டு" என்பாள் அக்கா. பட்டன் வைக்கிற நாட்களில் தம்பி முன்கூட்டியே உள்ளே போய்ச் சொல்லிவிடுவான். அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை நடந்துவிட்டு வருவாள். ஒருநாள் அவள் போகவில்லை. "இருக்கேன், இழுங்க" என்றாள். அவன் இழுத்தான், அவள் குழந்தையின் முதுகில் கையை வைத்துக்கொண்டு கேட்டபடி இருந்தாள். கெட்ட நாட்களும் இருந்தன, குழாய் திறந்தே கிடந்த நாட்கள். ஆனால் அப்போது அவள் கதவைத் தாழிடுவதில்லை.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம், பையனுடைய கப்பல் கரைக்கு வருகிறது என்று தகவல் வந்தது. துறைமுகம் போக அரை நாள் வழி. அக்கா இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவனைக் கூட்டிவரப் போனதில்லை; வேலை இருக்கிறது என்று சொல்லிவிடுவாள். இந்தமுறை, "நானும் வர்றேன்" என்றாள். புருஷன் ஒன்றும் கேட்காமல் டெம்போ சீட்டைத் துடைத்தார். சென்ற மாதம்தான் தம்பி அதற்குப் புது ரெக்சின் போட்டிருந்தான்.

பாதி வழியில் ஒரு டீக்கடையில் வண்டி நின்றது. அவர் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைத்தார்.

"அஞ்சு நிமிஷம் இரு. வந்துடறேன்."

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். எங்கேயோ ஒரு முடிச்சு தானாக அவிழ்ந்தது. கல்யாண வீடுகள், கடைத்தெருக்கள், இவர் முதலில் ஓடினது, திரும்பி வந்து "சுத்தமாத்தான் இருக்கு, நீயும் போறதுன்னா போ" என்றது.

"உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

அவர் தலையைச் சொறிந்தார். "என்னது?"

"நடிக்காதீங்க."

"பையன் பால்குடி மறக்கறதுக்கு முன்னாடி. நீ சொல்லல. சரி, சொல்ல இஷ்டமில்லன்னு விட்டுட்டேன். நான் முன்னால போய்ப் பாத்துட்டு வந்தா உனக்குச் சவுரியமா இருக்கும்ல?"

"இத்தன வருஷம் ஓட்டைக் குடம்னு நான் சொன்னப்போ எல்லாம் பேசாம இருந்தீங்களே!"

"ரெண்டு பேர்ல யாருக்காவது ஒருத்தருக்கு அந்தப் பேரு வந்துதானே ஆகணும்."

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நன்றி என்று இத்தனை வருஷத்துக்கு எந்தச் சொல்லைச் சொல்வது? மணிக்கட்டை விடாமல் கேட்டாள்:

"உண்மையச் சொல்லுங்க. இத்தன தடவ ஓடினதுல உங்களுக்கு நெஜமாவே எத்தன தடவ வந்துது?"

அவர் யோசித்தார். வானத்தைப் பார்த்து, மெனக்கெட்டு யோசித்தார்.

"ரெண்டு மூணு தடவ வந்திருக்கும்."

அக்கா சிரித்தாள். உதட்டை இறுக்கவில்லை, குனியவில்லை. வாயைப் பிளந்துகொண்டு, டீக்கடைக்காரன் திரும்பிப் பார்க்கும்படி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்சம் நனைந்தது. நனைந்தால் என்ன, ரெக்சின்தானே என்று இன்னும் சிரித்தாள்.